மைக் வண்டிக்கு ஃபேன் வைத்த ஆடி மாதம்

அந்த வண்டியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு வாய் வராது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் நாலைந்து கை மாறி, கடைசியில் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்த மோட்டார் சைக்கிள் அது. யாரோ அதன் பின்பாதியை அறுத்துவிட்டு, இரண்டு சக்கரம் வைத்த தகரப் பெட்டி ஒன்றைக் கோத்துவிட்டிருந்தார்கள். பெட்டியின் கூரையில் முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு குழாய் ஸ்பீக்கர். உள்ளே ஒரு பலகை, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு லாரி பாட்டரி, அப்புறம் நான். வெளியே, முன் குழாய்க்கு நேர் கீழே, ஓட்டுகிற சீட்டில் என் வீட்டுக்காரர். எங்கள் இருவருக்கும் நடுவில் தகரத் தடுப்பு. அதில் கம்பி வலை அடித்த ஒரு சின்ன ஜன்னல் உண்டு, விரலைத் தவிர எதுவும் நுழையாது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் புதுப்படம் வந்தாலும், ஜவுளிக்கடையில் தள்ளுபடி போட்டாலும், குழாயில் தண்ணீர் வராது என்றாலும், யாராவது கண்ணை மூடினாலும் நாங்கள் போய்ச் சொன்னால்தான் அது நடந்ததாகக் கணக்கு.

ஆரம்பத்தில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். நல்ல கணீர்க் குரல். ஒருநாள் திடீரென்று மைக்கை என் கையில் கொடுத்து, "நீ பேசுட்டி. பொம்பளக் குரல்னா சனம் நின்னு கேக்கும்" என்றார். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடியவள் என்பதால் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வெயிலில் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து, சொன்னதையே சொல்லிச் சொல்லி, தொண்டை சல்லடையாகி, வீட்டுக்கு வந்து உலை வைக்கிறபோது எனக்குப் பேச்சு என்றாலே வெறுத்துப்போகும்.

இந்த லட்சணத்தில் வண்டி வேறு பாதியில் நின்றுவிடும். அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். ஓடுகிற வேகத்தில் எதிர்க்காற்று அந்தத் தகடுகளில் பட்டுச் சூடு ஆறிவிட வேண்டும், அதுதான் கணக்கு. பட்டாளத்துக்காரன் காட்டிலும் மேட்டிலும் விரட்டிப் போவதற்காகச் செய்த எஞ்சின் அது. நாங்களோ அதை நடை வேகத்தில், வீட்டு வாசல் வாசலாக ஊர விட்டோம். காற்று எங்கிருந்து வரும்? இரண்டு தெரு முடிவதற்குள் எஞ்சின் கொதித்து, இழுவை குறைந்து, ஒரு இருமல் இருமி நின்றுவிடும். அதற்குமேல் உதைத்தால் பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும், எஞ்சினே போய்விடும் என்று அவர் தொட மாட்டார். நான் பெட்டியிலிருந்து இறங்கி, சுளகை எடுத்து எஞ்சினுக்கு வீசிக்கொண்டு நிற்பேன்.

"என்னக்கா, எஞ்சினுக்கு வேர்க்குதோ?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டுவிட்டுப் போவான். மோர்ப் பந்தலில் இருந்த ஒரு புண்ணியவான், பாவம் தாகமாக இருக்கும் என்று ஒரு செம்புத் தண்ணீரைக் கொதிக்கிற சிலிண்டர் மேலேயே ஊற்றிவிட்டார். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. தகடு ஒன்று விரிசல் விட்டது. என் வீட்டுக்காரர் அந்த விரிசலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு அடிபட்டால்கூட ஒரு மனிதன் அப்படி நிற்க மாட்டான்.

ஃபேன் வைத்ததற்கு முந்தின வருஷம், எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித் தபசில் மானம் போனது. ரத வீதியில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிற நேரத்தில், காணாமல் போன பிள்ளைகளைப் பற்றியும் கழுத்து நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியும் நாங்கள் அறிவித்துக்கொண்டே போக வேண்டும். கடைக்காரர்கள் சேர்ந்து கொடுக்கிற வேலை அது. நட்டநடு வீதியில் வண்டி நின்றது. நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். கடைக்காரர்களுக்குத் தலைவராக இருந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அடுத்த தடவையும் இப்படி நின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது வே. ராசபாளையத்துக்காரன் ஜீப்பு வச்சிருக்கான், கூப்பிட்டா வந்துருவான். பெறகு வருசம் பூரா அவன்தான்" என்றார். சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். தபசு வேலை போனால் மற்ற வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புக்குப் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்காவது விட்டது சனி என்று இருந்திருக்கும். அவருக்கு அப்படி இல்லை. அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தால்தான் அவர் ஒரு ஆள். இறங்கிவிட்டால் ஊரில் அவருக்கு வேறு பெயர் கிடையாது.

ஆனி மாதம் ஒருநாள் மத்தியானம், துண்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் ஒரு சின்ன ஃபேன். அப்பாடா, ஒருவழியாக இந்த மனுஷனுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நான் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். உடைசலுக்குப் போன பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் இருந்த ஃபேனாம். பாட்டரியில் ஓடுமாம். "எஞ்சினுக்கு முன்னால மாட்டிட்டா வண்டி நின்னாலும் காத்து நிக்காது" என்றார். எஞ்சினுக்கு மின்விசிறி, எனக்குப் பனையோலை விசிறி. இதை நான் உரக்கச் சொன்னேன். அவர் ஃபேனின் இறக்கையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெல்டிங் பட்டறையில் பட்டைக் கம்பியை வளைத்து, முன் சக்கரத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஃபேனை உட்கார வைத்தார்கள். முதலில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டதால் அது எஞ்சினுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு வீசியது. திருப்பிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. எஞ்சின் பாட்டரிக்கு அதை ஓட்டுகிற சக்தி இல்லாததால் மைக் செட் பாட்டரியிலிருந்தே வயர் இழுத்தார்கள். சுவிட்ச் மட்டும் என் பலகைக்குப் பக்கத்தில். நிறுத்தி வைத்த வண்டியில் போட்டுப் பார்த்தபோது தகடுகள் வழியாகக் காற்று அருமையாகத்தான் போனது. வெல்டிங்காரர்கூட, "மூள மூளதான் அண்ணாச்சி" என்றார்.

தெருவில் இறங்கினோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் மைக்கைத் திறந்து, "அன்பார்ந்த பொதுமக்களே" என்றேன். குழாயிலிருந்து என் குரலோடு சேர்ந்து கொர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். மாவு மில்லைத் தலையில் கவிழ்த்த மாதிரி. வாசலில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு நாய் ஊளையிட்டது. ஒரே பாட்டரி என்பதால் ஃபேனின் கொரகொரப்பு அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குள் ஏறிவிட்டது.

நான் தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்தி, இறங்கி முன்னால் போய், என்ன இழவு சத்தம் இது என்று கேட்டேன்.

"நல்லாத்தான கேக்கு? நீ பேசு" என்றார்.

"காது கிழியுது, நல்லாக் கேக்குங்கீங்க!"

"ஃபேன் வந்தது ஒனக்குப் பிடிக்கல, அதச் சொல்லு."

அன்று வீட்டில் பெரிய சண்டை. தான் கண்டுபிடித்ததைக் குறை சொல்லிவிட்டாளே என்று வீம்பு பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆம்பிளைகளின் வீம்பு எனக்குப் புதிதா என்ன? மைக் செட் ரிப்பேர் பார்க்கிறவர் ஒரு கண்டன்சரை வைத்துப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கடைசியில் நானே ஒரு வழி செய்தேன். பேசும்போது ஃபேனை அணைப்பது, பேசாதபோது போடுவது.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆடி பிறந்து, மேற்கிலிருந்து மேகாத்து வீச ஆரம்பித்துவிட்டது. தெற்கு ரத வீதியில் மேற்கே பார்த்துப் போகும்போது எதிர்க்காற்றே எஞ்சினை ஆற்றிவிடும். ஃபேன் வேண்டாம், தாராளமாகப் பேசலாம். சுற்றி வந்து வடக்கு ரத வீதியில் கிழக்கே திரும்பினால் காற்று முதுகுக்குப் போய்விடும். ஃபேன் இல்லாவிட்டால் எஞ்சின் தாங்காது. ஆகவே அங்கே நான் வாயை மூடிக்கொள்வேன். கொஞ்ச நாளில் வடக்கு ரத வீதிக்காரர்கள், "நாங்க என்ன பாவம் செஞ்சோம், எங்களுக்கு மட்டும் ஊமை வண்டி வருது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எண்ணெய்க்கடை அண்ணாச்சியின் தாயார் இறந்தபோது நடந்தது இதைவிடக் கூத்து. மேல ரத வீதி முனையில், "எண்ணெய்க்கடை உரிமையாளர் அவர்களின்" என்று ஆரம்பித்தேன். வண்டி திரும்பிவிட்டது, எஞ்சின் வாடை வந்தது, ஃபேனைப் போட்டேன். தாயார் காலமானது அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் குழாயில் வந்தது. துக்க வண்டி பாதிப் பெயரோடு போனதைப் பார்த்த முனைவீட்டுக்காரர்கள், அண்ணாச்சியே போய்விட்டார் என்று மாலை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே போனால் அவரே வாசலில் நின்று, "வாங்க" என்கிறார். கழுத்துக்குப் போட வந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்களாம். அவர் என்னை ஏசி அனுப்பிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இப்படித் தினமும் ஏச்சு வாங்கி அலுத்துப்போன ஒரு நாளில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் ஓட்டிக்கொண்டே அடிக்கடி பக்கவாட்டில் குனிந்து, ஃபேனின் இறக்கை சுற்றுகிறதா என்று பார்த்தார். ஒரு தடவை அப்படிக் குனிந்து நிமிர்வதற்குள் தள்ளுவண்டி ஒன்றில் மோதப் பார்த்தார். கீழவாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி அந்த ஃபேன் இரைகிறது. ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

மறுநாள், ஃபேன் ஓடும்போதே மைக்கையும் வேண்டுமென்றே திறந்தேன். குழாய் அலறியது. தெருவில் போன அத்தனை பேரும் திரும்பினார்கள். குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அவருடைய பிடரிகூட அசையவில்லை. ஏதோ ஒரு இரைச்சல் அவருக்குள் போயிருக்கும். எது எஞ்சின், எது குழாய், எது நான் என்று பிரிக்கத் தெரிந்திருக்காது. நான் மைக்கை மூடிவிட்டு அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. என்னிடம் மைக்கைக் கொடுத்தது பொம்பளைக் குரலுக்காக இல்லை, தன் குரல் தனக்கே கேட்காமல் போனதால். எஞ்சினை அவர் காதால் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தார். டேங்க் மேல் உள்ளங்கையை வைத்து, டாக்டர் நாடி பார்ப்பதுபோல அதிர்வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் நின்றால் வாயைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். அடுப்படியிலிருந்து நான் பேசியதற்கெல்லாம் பதில் வராதபோது, எவ்வளவு ஏசினாலும் திருப்பி ஒரு வார்த்தை பேசாத தங்கமான மனுஷன் என்று என் அம்மாவிடம் பீற்றியிருக்கிறேன். ஏசினது மட்டுமா? முதுகுப் பக்கம் நின்று பிரியமாகவும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அதுவும் போய்ச் சேரவில்லை.

அவரிடம் கேட்கவில்லை. தபசு நெருங்கிவிட்டது. வண்டி நின்றால் வேலை போகும் என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தோம். இது தெரிந்தால் வண்டி நிற்காவிட்டாலும் போகும். செவிட்டுக் காதோடு மைக் செட் வைத்திருக்கிறான் என்று ஊர் சிரிக்க ஆரம்பித்தால், அந்தச் சிரிப்பு அவர் சாகிற வரைக்கும் ஓயாது. தபசு முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தபசன்று தெற்கு ரத வீதியில் ஊசி குத்த இடமில்லை. அம்பாள் சப்பரம் வருவதற்கு முன்னால் நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்தோம். கூட்டமும் பந்தலும் சேர்ந்து மேகாத்தையும் மறித்துக்கொண்டன. ஆகவே ஃபேனைப் போட்டே வைத்திருந்தேன். அவசரம் என்றால் மட்டும் அணைத்துவிட்டு நாலு வார்த்தை. குருவிகுளம் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் மடி நிறைய விளைச்சலோடு வந்திருந்தார்கள். தபசன்று பருத்தி, வற்றல், தானியம் என்று அவரவர் காட்டில் விளைந்ததைச் சப்பரத்தைப் பார்த்து வீசுவார்கள். எங்களைச் சுற்றிலும் பருத்தி பறந்தது. என் மடியில்கூட விழுந்தது. நல்ல சகுனம் என்று எடுத்து முடிந்துகொண்டேன்.

ஒரு பெண்பிள்ளையைக் காணோம் என்று தாய் ஒருத்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள். பதற்றத்தில் ஃபேனை அணைக்க மறந்து மைக்கைத் திறந்துவிட்டேன். ஆனால் குழாயில் கொரகொரப்பே இல்லை. கோவில் மணி மாதிரி என் குரல் சுத்தமாகப் போயிற்று. பச்சைப் பாவாடை என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை கிடைத்துவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுவிட்ச் போட்டபடி இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறதோ!

ஜன்னல் வழியாகக் கரிந்த எண்ணெய் வாடை வந்தது. எஞ்சினுக்குள் டிக் டிக் என்று ஒரு தட்டல். மோட்டார் ஓட்டுகிற யாராக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குப் பதறி நிறுத்திவிடுவார்கள். அவரோ கூட்டத்தில் இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். டேங்க் மேல் வைக்கக் கை இல்லை. தகரத்தைத் தட்டினேன். மேளச் சத்தத்தில் தகரம் எல்லாமே அதிர்ந்துகொண்டிருந்தது. கம்பி வலைக்குள் விரலை விட்டேன், எட்டவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதோடு வண்டியும் இல்லை, அவரும் இல்லை. வேறு வழி தெரியாமல் மைக்கை வாயோடு வைத்தேன்.

"வண்டிய நிறுத்துங்க! நிறுத்துங்க! அய்யோ, நிறுத்துங்க!"

தெற்கு ரத வீதி நின்றது. மேளக்காரர் கையைத் தூக்கியபடி நின்றார். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் செம்பைச் சாய்த்தபடி நின்றார். போலீஸ்காரர் இரண்டு பக்கமும் கையை விரித்துக் கூட்டத்தை நிறுத்தினார். பருத்தி வீசக் கையை ஓங்கிய சம்சாரிகள்கூட வீசவில்லை. அத்தனை சனமும் என் ஒரு வார்த்தைக்கு நின்றது. எங்கள் வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

முன்னால் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டுதான் அவர் பிரேக்கை மிதித்தார். இறங்கி, புகையைப் பார்த்து, முன்னால் போய்க் குந்தினார். ஃபேனின் அச்சில் பருத்தி திரி திரியாகச் சுற்றி இறுகிக் கிடந்தது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் அதை விரலால் பிய்த்தெடுக்க ஆரம்பித்தார்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏம்வே, பொண்டாட்டி மைக்கப் போட்டுக் கத்துதா, ஊரே நின்னுட்டு. ஒமக்கு மட்டும் கேக்கலியாக்கும்?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் திரும்பவில்லை, பருத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், "பொண்டாட்டி சொல்லி எவன் அண்ணாச்சி கேட்டிருக்கான்?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணாச்சியின் முகமும் மெல்ல இளகியது. அவர் வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது. பெட்டிப் பக்கம் வந்து என்னைப் பார்த்து, "இவரு எப்பவுமே இப்படித்தானா தாயி?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "அவிய எப்பவும் இப்படித்தான். நான் சொன்னாக் கேக்க மாட்டாவ."

மைக்கை நான் இன்னும் மூடவில்லை. ஃபேன் ஓடாததால் ஒரு கொரகொரப்பும் இல்லாமல் அந்த வார்த்தை ரத வீதி முழுக்கப் போயிற்று. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஆணும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, சூடு ஆறினதும் கெளம்பச் சொல்லு. அடுத்த வருசமும் நீங்களே வாங்க, ஒங்க கூத்து இல்லாம தபசு நல்லாருக்காது" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக்கை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முன்னால் அவர் கடைசித் திரியையும் உருவிவிட்டார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கையில் பருத்தியோடு எழுந்து திரும்பினவர், ஊரே சிரிப்பதைப் பார்த்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் என் முகத்தையும் பார்த்துவிட்டு, அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.